பிரிவுப் பிரிவு

நீதிமன்றத்தில் அவர்களைப் பிரித்துவிடப் பதினோரு நிமிடம் போதுமானதாக இருந்தது. கல்யாண வாழ்க்கையும் பதினோரு வருடம்தான் என்பதால், வருடத்துக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு சரியாக வந்தது. அதிலும் இரண்டு நிமிடம் மின்விசிறி போட்ட சத்தத்தில் நீதிபதிக்குக் காது கேட்காமல் வீணாயிற்று. "ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டார். "சம்மதம்" என்றார்கள். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வங்கிக்குப் போனார்கள். வங்கியில் பதினாலு மாதம் ஆயிற்று.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடையின் பின்பக்கத் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஊரார் கண்ணுக்கு எவ்வளவு தெரியவில்லையோ அவ்வளவுக்குக் கண்ணாடியைத் தேய்த்துத் தருவது அவர் வேலை. எல்லோரும் அவரைக் கண்ணாடிக்காரர் என்றே கூப்பிட்டார்கள். பேச்சு குறைவு. எந்திரம் ஓடும் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்று ஆரம்பித்த பழக்கம், எந்திரம் இல்லாத இடத்திலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கை கால் விழுந்துபோனவர்களைத் தோளில் தாங்கி, "இன்னும் ஒரு அடி, இன்னும் ஒரே ஒரு அடி" என்று நடக்கவைப்பாள். வீட்டுக்கு வரும்போது அவளுக்கு நடக்கத் தெம்பு இருக்காது.

தீர்ப்பு தெளிவாகவே இருந்தது. வீடும் வீட்டுக் கடனும் அவளுக்கு. அதே வீட்டின் பேரில் பிறகு வாங்கிய டாப்-அப் கடன் முழுக்க அவருக்கு. அவரவர் கடனை அவரவர் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டியது. அவ்வளவுதானே, ஒரு காலைப்பொழுது வேலை என்று நினைத்து, கண்ணாடிக்காரர் கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார்.

அவர்களை வரவேற்றவனுக்கு உறவு மேலாளர் என்று பதவி. டை கட்டியிருந்தான். வயது இருபத்தாறு இருக்கும்.

"உக்காருங்க சார், உக்காருங்க மேடம். ஜோடியா வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிக் கணினியைத் தட்டினான். முகம் மலர்ந்தது. "அடேயப்பா! எட்டு வருஷ உறவு. ஒரு தவணைகூடத் தப்பல. ஒரு நாள்கூடத் தாமதம் இல்ல. இவ்வளவு ஆரோக்கியமான உறவை நான் இந்தக் கிளையிலேயே பார்த்ததில்ல சார்."

"எங்களுக்கு விவாகரத்து ஆயிடுச்சு" என்றாள் அவள்.

"அது உங்க சொந்த விஷயம் மேடம். நான் உறவைப் பத்திப் பேசறேன்."

தீர்ப்பு நகலை நீட்டினார்கள். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இது கோர்ட்டுல செல்லும். இங்க செல்லாது. உங்க கல்யாணத்துக்கு பேங்க் சாட்சி இல்ல, விவாகரத்துக்கு பேங்க் கட்சியும் இல்ல. கடன் வாங்கினப்போ ரெண்டு பேரும் ஒண்ணா வாங்கினீங்க. ரெண்டையும் சேர்த்து ஒரே குடும்பக் கணக்கா வெச்சிருக்கோம். இப்ப தனித்தனியா எடுங்கன்னா, காபியில கரைச்ச சர்க்கரையைத் திருப்பி எடுக்கச் சொல்ற மாதிரி."

"பேரை மட்டும் நீக்க முடியாதா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"தாராளமா நீக்கலாம். ஆனா சிஸ்டம் காரணம் கேக்கும். ரெண்டே காரணம்தான் வெச்சிருக்காங்க. ஒண்ணு மரணம். இன்னொண்ணு எழுத்துப்பிழை. இதுல எது சார் உங்களுக்குப் பொருந்தும்?"

கண்ணாடிக்காரர் நிஜமாகவே யோசித்தார்.

"மரணம்னா ரொம்ப சுலபம்" என்று அவன் குரலைத் தாழ்த்தினான். "பதினஞ்சே வேலை நாள். காப்பீடு வந்து கடனையே அடைச்சுடும். மேடத்துக்கு பேங்க் சார்பா ஒரு பூங்கொத்தும் போகும்." இப்படியொரு வசதி இருந்தும் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் உயிரோடு வந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று அவனுக்கு உண்மையிலேயே வருத்தம். பிறகு ஏதோ நினைவுக்கு வந்தவனாக, "ஆறாவது மாடியில பிரிவுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. எதுக்கும் அங்க கேட்டுப் பாருங்க" என்றான்.

ஆறாவது மாடியில் ஒரே ஒரு மேசையும் பதினோரு இரும்பு அலமாரிகளும் இருந்தன. ஏசியின் குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டு, ஓய்வுபெற ஒன்றரை வருடத்துக்கும் குறைவாகவே பாக்கியிருந்த ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"இது பிரிவுப் பிரிவு" என்றார் சால்வை அம்மாள். "பேங்க்ல எத்தனை பிரிவு இருக்கணும், எந்தப் பிரிவை எந்தப் பிரிவிலேருந்து பிரிக்கணும்னு முடிவு பண்ற பிரிவு. புருஷன் பொண்டாட்டி பிரியறதுக்கெல்லாம் இங்க பிரிவு கிடையாது. பேரைப் பார்த்துட்டுக் கீழேருந்து எல்லாரையும் இங்க அனுப்பிடறாங்க. நானும் எட்டு வருஷமா வாங்கி வெச்சுக்கிட்டு இருக்கேன்."

ஓர் அலமாரியைத் திறந்து காட்டினார். கோப்புகள் தரையிலிருந்து தலை உயரம்வரை அடுக்கியிருந்தன.

"இவங்கல்லாம் பிரிஞ்சுட்டாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"எங்கம்மா? நாளாச்சுன்னு நாலு ஜோடி திரும்பச் சேர்ந்துட்டாங்க. ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க. மத்தவங்க வந்துக்கிட்டிருக்காங்க."

பதினாலு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார். தலைப்பில் 'பிரிவுக்கான கூட்டு ஒற்றுமை உறுதிமொழி' என்று அச்சிட்டிருந்தது. 'நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் முழுமையாக நம்பி, ஒரே மனத்துடன், கைகோத்து இந்த முடிவை எடுத்துள்ளோம்' என்று அது ஆரம்பித்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் முதல் பக்கத்தின் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று.

"இதையெல்லாம் யாரும் படிக்கமாட்டாங்கம்மா" என்றார் சால்வை அம்மாள். "எங்க காட்டறேனோ அங்க போட்டுட்டுப் போயிட்டே இருப்பாங்க."

"நானும் முன்னாடி அப்படித்தான் இருந்தேன்" என்றாள் அவள், தலை நிமிராமல். கண்ணாடிக்காரர் தன் கை நகங்களைப் பார்த்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். அவருடைய தம்பி ஓர் உடற்பயிற்சிக்கூடம் ஆரம்பித்தான். எந்திரங்கள் இருபது, ஆட்கள் நாலு. மூழ்கப்போகிற சமயத்தில் அண்ணனிடம் வந்து அழுதான். வீட்டின் பேரில் டாப்-அப் கடன் வாங்கினால் தூக்கி நிறுத்திவிடலாம் என்றான். அதற்கு அவளுடைய கையெழுத்து வேண்டும். கேட்டால் வேண்டாமென்பாள், அதற்குக் காரணமும் சொல்வாள், அந்தக் காரணம் சரியாகவும் இருக்கும். எனவே கண்ணாடிக்காரர் கேட்கவில்லை. ஒரு நாள் காலை, அவள் டியூட்டிக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு காலில் செருப்பு மாட்டி மறு காலில் மாட்டாமல் நின்ற நேரத்தில், காப்பீட்டுப் புதுப்பிப்புக் காகிதங்களோடு இதையும் சேர்த்து நீட்டினார். "இங்க, இங்க, அப்புறம் இங்க" என்று விரலால் காட்டினார். அவள் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். தம்பி எந்திரங்களை எடைக்குப் போட்டுவிட்டு வெளிநாடு போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து, கடை முகவரிக்குப் போகாமல் வீட்டுக்கே வந்துவிட்ட ஒரு வங்கிக் கடிதத்தை அவள் பிரித்தாள். "நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?" என்று அவரைக் கேட்டாள். அவர் பதில் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. நாலாம் நாள் அவள் அவருடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அந்தக் கடன் ஒரு மாதம் தவறினாலும் அவளுடைய வீட்டைத் தொடும். அதை எப்படியாவது அவள் தலையிலிருந்து இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டால், செய்ததில் கால் பங்காவது சரியாகும் என்று அவர் நம்பினார். அதனால்தான் வங்கி என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டார்.

வங்கி நிறையச் சொன்னது. மாதத்தின் முதல் புதன்கிழமை, இருவரும் சேர்ந்து, ஒரே டோக்கன் வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒருவர் வராவிட்டால் விண்ணப்பம் தானாக ரத்தாகும். எனவே முதல் புதன்தோறும் காலை ஒன்பதரைக்கு அவர்கள் வங்கி வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். கல்யாணமான காலத்தில் அவளுடைய ஷிப்டும் அவருடைய கடையும் ஒத்துவராமல் ஒரு முழுக் காலைப்பொழுது சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை. இப்போது அந்தப் பாக்கியத்தை வங்கி ஏற்பாடு செய்து கொடுத்தது. நாலாவது மாதத்துப் புதனுக்கு முந்தின நாள், கண்ணாடிக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, தான் ஏதோ பாட்டை முணுமுணுப்பது காதில் விழுந்து நிறுத்திக்கொண்டார்.

ஐந்தாவது மாதம், அவர்கள் உண்மையிலேயே தனித்தனியாகத்தான் வசிக்கிறார்களா என்று உறுதி செய்ய ஓர் ஆய்வாளர் வந்தார். இரண்டு பேரும் வீட்டில் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

"நான் இங்க இல்லைங்கறதைப் பாக்கறதுக்கு நான் இங்க இருக்கணுமா?" என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"நீங்க இருந்தாத்தானே சார் நீங்க இல்லைன்னு உங்ககிட்டயே கையெழுத்து வாங்க முடியும்?" என்றார் ஆய்வாளர்.

கண்ணாடிக்காரர் வெளியேறிய பிறகு வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் வாசலிலேயே கொஞ்சம் தடுமாறினார். அவருடைய அறையில் இப்போது ஓர் உயரமான கட்டில் கிடந்தது. மாலையில் இரண்டு நோயாளிகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறாள், அந்தப் பணம் தவணைக்குப் போகிறது என்று ஆய்வாளரிடம் அவள் சொன்னபோதுதான் அவருக்கும் தெரிந்தது. ஆய்வாளர் அலமாரியைத் திறந்தார், குளியலறையில் பல்துலக்கும் பிரஷ்களை எண்ணினார், ஒன்று என்று எழுதிக்கொண்டார். கடைசியாக, தனித்தனியாக வசிப்பதற்கு ஆதாரமாக இருவரையும் வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்.

"கொஞ்சம் நெருங்கி நில்லுங்க, ஃபிரேமுக்குள்ள வரல. இன்னும் கொஞ்சம். சார், கையை எங்கயாவது வெச்சுக்குங்க, தொங்கவிடாதீங்க."

எட்டாவது மாதம் காரணம் கேட்டார்கள். இருவரும் தனித்தனித் தாளில், நாற்பது எழுத்துக்குள், பிரிவதற்கான காரணத்தை எழுதித் தரவேண்டும். அவர் 'என் தவறு' என்று எழுதினார். அவள் 'ஒத்துப்போகவில்லை' என்று எழுதினாள்.

சால்வை அம்மாள் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "அவங்க ஒத்துப்போகவில்லைன்னு எழுதியிருக்காங்க. அது நீங்க எழுதினதோட ஒத்துப்போகல. சிஸ்டம் ஒரு காரணம்தான் எடுத்துக்கும். வெளியில உக்காந்து ரெண்டு பேரும் கலந்து பேசி, ஒரே காரணமா எழுதிக் கொண்டாங்க."

நடையில் தண்ணீர் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். அங்கே அவளுடைய கைப்பை இருந்தது.

"உள்ளதை எழுதிடலாம்" என்றார் அவர். "ஏமாத்திக் கையெழுத்து வாங்கிட்டேன்னு."

"எழுதினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். என் வக்கீலம்மா முதல் நாளே சொன்னாங்க. மோசடின்னு ஒரு புகார் குடுங்க, டாப்-அப் உங்க தலையில விழாது, வீடு தப்பிச்சுடும், அவர் உள்ளே போவாருன்னு. மூணு தடவை சொன்னாங்க."

கண்ணாடிக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "ஏன் குடுக்கல?"

"தோணல."

தண்ணீர் எந்திரத்துக்குள் ஒரு குமிழி எழும்பி உடைந்தது. யாரோ வந்து தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்கள். அந்த ஆள் திரும்பி நடக்கும்வரை அவர் காத்திருந்தார்.

"அந்த மூணு நாள்" என்றார். "சொல்ல எதுவும் இல்லாம இல்ல. வாயைத் திறந்தா நீ என்னை விட்டுடுவேன்னு பயந்தேன்."

"திறக்காததாலதான் விட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. நோயாளியின் சொந்தக்காரர்களிடம் விளக்கிச் சொல்கிற குரல். "முதல் நாளே 'தப்புப் பண்ணிட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கத்தியிருப்பேன், அழுதிருப்பேன், ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்திருப்பேன். அவ்வளவுதான். மூணு நாள் காத்துக்கிட்டிருந்தேன். நாலாம் நாள் காலையில பெட்டியை எடுத்தப்போகூட, மெதுவாத்தான் மடிச்சேன்."

"இதை ஏன் நீ சொல்லவே இல்ல?"

"யார் கேட்டாங்க? கோர்ட்லகூடக் கேக்கல."

அவர்களுடைய டோக்கன் எண்ணை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். அவள் தாளை மடிமேல் வைத்து 'பேசவில்லை' என்று எழுதி, உள்ளே போய்க் கொடுத்தாள்.

"பேசவில்லையா? யாரு பேசல?" என்று கேட்டார் சால்வை அம்மாள்.

கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள், "ரெண்டு பேரும்" என்று அவள் சொல்லிவிட்டாள்.

சிஸ்டம் அந்தக் காரணத்தை உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் அதனிடம் இருந்த வகைகளில் இதற்கு நெருக்கமானது 'தகவல் தொடர்புக் கோளாறு' என்பதால், விண்ணப்பத்தைத் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பிவைத்தது. அங்கிருந்து ஒருவர் கண்ணாடிக்காரருக்கு வாரம் ஒரு தடவை ஃபோன் செய்து, "இப்ப லைன் தெளிவா இருக்கா சார்? அந்தப் பக்கம் பேசறது கேக்குதா?" என்று விசாரித்தார். இப்படி இரண்டு மாதம் போயிற்று. கடைசியில் கோளாறு சரிசெய்யப்பட்டதாக அறிவித்து, கோப்பைத் திருப்பி அனுப்பினார்கள்.

பத்தாவது மாதம் அவர்களுக்கு ஒரு விருது கிடைத்தது. அந்த ஆண்டின் முன்மாதிரி இணை வாடிக்கையாளர்கள். எட்டே முக்கால் வருடமாக ஒரு தவணையும் தவறாத ஜோடி என்று கணினி அவர்களைப் பொறுக்கி எடுத்திருந்தது. விவாகரத்துக்குப் பிறகும் தவறவில்லை என்பதில் கணினிக்குத் தனி மரியாதை. வேண்டாம் என்று சொல்லத்தான் ஆறாவது மாடிக்குப் போனார்கள்.

"போய் வாங்கிக்குங்க" என்றார் சால்வை அம்மாள். "உங்க கோப்பு இப்ப பொது மேலாளர் மேசையில இருக்கு. மேடையில கேடயம் குடுக்கப்போறவரும் அவர்தான். வரலேன்னா ஒத்துழைக்காத வாடிக்கையாளர்னு சிவப்பு மையில எழுதிடுவாங்க."

மண்டபத்தில் அறுநூறு நாற்காலி. இருவரையும் முதல் வரிசையில் ஒரு சோபாவில் உட்காரவைத்தார்கள். பொது மேலாளர் பேசினார்.

"கல்யாணம் என்பது இரண்டு மனங்கள் இணைவது என்கிறார்கள். நான் கேட்கிறேன், மனத்தை அடமானம் வைக்க முடியுமா? மனம் மாறும். கையெழுத்து மாறாது. காதல் குறையலாம், வட்டி குறையாது!" கைதட்டல். "இன்று குடும்பங்கள் சிதறுகின்றன. கோர்ட்டுகள் பத்து நிமிடத்தில் பிரித்துவிடுகின்றன. ஆனால் நமது வங்கியில் இணைந்த எந்தத் தம்பதியும் இதுவரை பிரிந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். ஏனென்றால் நாம் விட்டதில்லை. இருபது வருடத்துக்கு நாம் விடமாட்டோம். அன்பு செய்ய முடியாததை ஆவணம் செய்யும்!"

பிறகு கேடயத்தைக் கொடுத்து, வெற்றியின் ரகசியத்தை இரண்டு வார்த்தையில் சொல்லும்படி ஒலிவாங்கியைக் கண்ணாடிக்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

கண்ணாடிக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "நாங்க பிரிஞ்சுட்டோம்" என்றார்.

"பார்த்தீர்களா!" என்று பொது மேலாளர் சிரித்தார். "இந்த நகைச்சுவை உணர்வுதான் இவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறது." மண்டபம் சிரித்து ஓய்ந்து கைதட்ட ஆரம்பித்தது. ஒலிவாங்கி அடுத்த ஜோடியிடம் போய்விட்டது. புகைப்படக்காரர் விளக்கைப் போட்டார். கேடயத்தின் ஒரு பக்கத்தை அவளும் மறுபக்கத்தை அவரும் பிடித்திருந்தார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றார் கண்ணாடிக்காரர்.

அறுநூறு பேர் கைதட்டுகிற சத்தத்தில் அது வேறு யாருக்கும் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அவள் புகைப்படக்காரரைப் பார்த்தபடியே இருந்தாள். "கேட்டுச்சு" என்றாள்.

கேடயத்தை யார் எடுத்துப்போவது என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் காவலாளியிடம் கொடுத்தார்கள். வருகைப் பதிவேடு காற்றில் புரளாமல் இருக்க அது உதவியாக இருக்கும் என்று அவர் வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் முடிவு வந்தது. சால்வை அம்மாள் அதைத் தன் கையாலேயே கொடுத்தார், கூடவே ஆளுக்கொரு மிட்டாயும். "எட்டு, ஒன்பது வருஷத்துல இந்த மேசையில ஒரு கோப்புகூட முடிஞ்சதில்லம்மா. உங்களோடதுதான் முதல்ல முடிஞ்சிருக்கு. நிராகரிப்புதான். இருந்தாலும் முடிஞ்சுதே!" அவர் கண்ணில் நிஜமாகவே ஈரம் இருந்தது.

அவள் கடிதத்தை முழுவதும் படித்தாள். கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டிருந்தது. அவளுடைய தனி வருமானம் வீட்டுக் கடனுக்குப் போதாது. எனினும் தகுதியான ஓர் இணை விண்ணப்பதாரரை, முன்னுரிமையாகத் தன் கணவரை, சேர்த்துக்கொண்டு அவள் மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

"மேல்முறையீடு பண்ணலாம்" என்றார் கண்ணாடிக்காரர். "நான் அலையறேன். நீ வரவேண்டியதில்ல."

"நான் வராம நீங்க வந்தா ரத்தாயிடும்" என்றாள். மிட்டாயைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தாள். "வித்துடலாம். என்னால முடியல. மாசம் பொறந்தா நீங்க உங்க தவணையைக் கட்டியிருக்கீங்களான்னு பார்த்துட்டுத்தான் எனக்குத் தூக்கம் வருது. போதும்."

வீட்டை விற்ற பணம் வீட்டுக் கடனை அடைத்தது. தம்பியின் எந்திரங்களை அடைத்தது. கெடுவுக்கு முன்பே கடனை முடித்ததற்காக வங்கி 'உறவு முறிவுக் கட்டணம்' என்று ஒன்று எடுத்துக்கொண்டது. மிச்சமிருந்ததில் அவளுக்கு ஒரு வாடகை வீட்டு முன்பணமும் ஒரு வருடச் செலவும் தேறும். நியாயமாக அவளுக்கு வரவேண்டியதில் பாதிகூட இல்லை.

"குறையறதை நான் மாசாமாசம் குடுத்துடறேன்" என்றார்.

"குடுங்க" என்றாள். வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லாதது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பதினாலாவது மாதம், கடைசிக் கையெழுத்துக்காக உறவு மேலாளரின் மேசைக்குப் போனபோது அங்கே ஏற்கெனவே ஓர் இளம் ஜோடி உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி ஆறு மாதம் இருக்கும். அந்தப் பெண் ஒரு டேப்பை வெளியே இழுப்பதும் உள்ளே விடுவதுமாக இருந்தாள். ஜன்னல் திரைக்கு அளவெடுக்க வாங்கியிருப்பாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க!" என்றான் உறவு மேலாளர். "இவங்கதான் உங்க வீட்டை வாங்கறவங்க. தரகர் மூலமாவே முடிஞ்சதால நீங்க நேர்ல பார்த்திருக்கமாட்டீங்க. ஒரு உறவு முடியற அதே மேசையில இன்னொரு உறவு ஆரம்பிக்குது பாருங்க."

"நேர்ல பாத்ததுல ரொம்ப சந்தோஷங்க" என்றாள் அந்தப் பெண். "தப்பா நினைக்காதீங்க அக்கா, இவ்வளவு நல்ல வீட்டை ஏன் விக்கறீங்க? உள்ள ஏதாவது குறை இருக்கா?"

"வீட்டுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"சமையலறைக்குக் காலையில நல்லா வெயில் வரும்" என்றாள் அவள்.

"எட்டரை வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் பின்பக்கம் போயிடும்."

"ஹீட்டர் சுவிட்சை ரெண்டு தடவை போடணும். முதல் தடவை போட்டா எரியற மாதிரி இருக்கும், ஆனா..."

"...தண்ணி சுடாது. மாடிப்படியில கடைசிப் படி அரை விரல் உயரம் கூடுதல். மேஸ்திரி தப்பு. முதல் வாரம் எல்லாரும் தடுக்குவாங்க."

"இவர் ஒரு மாசம் தடுக்கினாரு."

"எதிர்வீட்டு நாய் புது ஆளைப் பார்த்தா குரைக்கும்."

"பிஸ்கட் போட்டுடாதீங்க. அப்புறம் வாசல்லயே வந்து படுத்துக்கும். இவர் போட்டுப் பழக்கிட்டாரு, துரத்தவும் மனசு வரல. மழைக்காலத்துல அதுக்குன்னு ஒரு பழைய சாக்கு..."

"...ஷூ அலமாரிக்கு அடியில இருக்கும். அதை மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க."

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். அவளும்தான். உறவு மேலாளர் நாற்காலியில் சாய்ந்து, தன் துறையின் சிறப்பை நேரில் காண்பவனைப் போல இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்க ரெண்டு பேரையும் பாக்கவே ஆசையா இருக்குக்கா" என்றாள் அந்தப் பெண். "இப்ப எங்க வீடு பார்த்திருக்கீங்க? இதைவிடப் பெரிசா?"

அந்தப் பெண்ணின் கணவன் மேசைமேல் இருந்த காகிதங்களை ஒரு தடவை பார்த்தான், பிறகு தன் மனைவியின் கையை மெல்லத் தொட்டான். டேப் கட்டென்று உள்ளே போயிற்று.

"நான் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல பார்த்திருக்கேன்மா" என்றாள் அவள். "சின்ன வீடுதான். ஒரு ஆளுக்குப் போதும்."

"எனக்குக் கடை மாடியிலேயே ஒரு ரூம் இருக்கு" என்றார் கண்ணாடிக்காரர்.

கையெழுத்துகளைப் போட்டார்கள். உறவு மேலாளர் எழுந்து கைகுலுக்கி, தங்கள் உறவு இனிதே நிறைவடைந்ததாகச் சொல்லி, சேவை எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பெண் கேட்டான். ஐந்து என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தார்கள். அடுத்த புதன்கிழமை என்று சொல்ல எதுவும் இல்லை. நிறுத்தத்துக்கு வந்ததும் அவள் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தாள். தேடத் தேட அவளுக்குக் கண் தெரியாமல் போயிற்று. அவர் கையை நீட்டினார். அவள் பையை அவரிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கோர்ட்டில் அழவில்லை, தரகரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்றும் அழவில்லை. அவர் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவளை ஆட்கள் பார்க்காதபடி சாலைக்கு முதுகைக் காட்டி நின்றார். தொடவில்லை. தொட இப்போது அவருக்கு யாரும் அனுமதி தந்திருக்கவில்லை.

இரண்டு பஸ் வந்து போயின. மூன்றாவது வந்தபோது அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடுங்க" என்று பையை வாங்கிக்கொண்டாள். "சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போங்க."

"சரி" என்றார். பிறகு, பஸ் படியில் அவள் காலை வைக்கும்போது, "நீயும்" என்றார்.

அவள் திரும்பித் தலையசைத்தாள். கதவு மூடிக்கொண்டது.